ஒன்பதாம் எண் வண்டி

சாலாத்திகாவிலிருந்து அம்மா எழுதுவது. என் கண்ணு ரெத்னோ, நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஆர்யோவும் அந்தக் குளிர் தேசத்தில் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்பதோடு விட்டேன். என் முழங்கால் வலி பழைய மாதிரிதான், நீ அனுப்பிய களிம்பைத் தடவினால் ஒரு மணி நேரம் தாங்குகிறது. அப்பாவுக்கு மூச்சு இரைப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது, அதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் எழுதுகிறேன். பின்வீட்டு ரம்புத்தான் மரம் இந்த வருஷம் நம் கூரை மேலேயே சாய்ந்து காய்த்தது, நாலு ஓடு உடைந்தது, இரண்டு கூடைப் பழம் கொடுத்துச் சமாதானம் செய்துவிட்டார்கள். பூனை குட்டி போட்டிருக்கிறது, உன் பழைய பள்ளிக்கூடப் பெட்டிக்குள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, காதை என் தோள் வரைக்கும் கொண்டுவந்து உன் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பார். அது உனக்குத் தெரியாது. நீ அவரை விசாரிக்க மாட்டாய் என்று அவருக்குத் தெரியும், அதனால் போனை வாங்கவும் மாட்டார், எழுந்து போகவும் மாட்டார். அவர் இல்லாத நேரமாகப் பார்த்து இரண்டு தரம் உன் எண்ணை அழுத்தினேன். உன் குரல் கேட்டதும் ஆர்யோவுக்கு இஞ்சித் தண்ணீர் கொடுத்தாயா, மேல்கோட்டு வாங்கினாயா என்றுதான் என் வாய் கேட்டது. முப்பத்தைந்து வருஷம் மூடி வைத்த வாய், கேட்டவுடன் திறக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். மூன்று நாளாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் கண்ணாடியைக் குறை சொல்லாதே, கண்ணாடி புதிசுதான்.

போன மாதம் எங்கள் தெரு முதியோர் சங்கத்தில் பஸ் வைத்து ஒரு நாள் சுற்றுலா போனோம். சங்கத்தலைவி இபு துமினியை உனக்குத் தெரியும், உன் கல்யாணத்தில் மைக்கைப் பிடுங்கிப் பாடினவள். அவள்தான் ஏற்பாடு. பண்டுங்கான் மலையில் பழைய மோட்டார் வண்டிகளை எல்லாம் சேர்த்து வைத்து ஒரு மியூசியம் திறந்திருக்கிறார்கள், கூட வந்து விளக்கிச் சொல்ல ஆள் உண்டு, மத்தியானச் சாப்பாடு உண்டு என்றாள். வண்டி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அப்பா சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார். அந்தப் பழுப்பு பாத்திக் சட்டை, உன் கல்யாணத்துக்குப் போட்டது. சிறைக்குப் போய் வந்த பிறகு அவர் ஒரு நாளும் ஸ்டீரிங்கைத் தொட்டதில்லை, சைக்கிள் கடையில் டியூப்பு ஒட்டியே உன்னை வளர்த்தார், ஆனாலும் ரோட்டில் ஒரு பழைய வண்டி போனால் கண்ணால் பார்க்காமலே சத்தத்தை வைத்துப் பெயர் சொல்வார். அந்த மியூசியம் யாருடையது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. அல்லா மேல் ஆணை.

பஸ் கேட்டுக்குள் நுழைந்தபோதுதான் அவர் என் கையைப் பிடித்தார். அது அப்பா வேலை பார்த்த ஹர்ஜோ முதலாளியின் காப்பிக் கிடங்கு. சுண்ணாம்பு அடித்து, கண்ணாடிக் கூரை போட்டு, புல் வளர்த்து அடையாளம் தெரியாமல் மாற்றியிருந்தார்கள், ஆனால் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற இரட்டைத் தலைப் பனையை யாராலும் மாற்ற முடியவில்லை. நான் அவர் காதில், தலை சுத்துதுன்னு சொல்லிட்டு பஸ்ஸுலயே இருந்துக்கலாம் என்றேன். அவர் அந்தப் பனையைப் பார்த்துவிட்டு, "பெரியவரு போய்ச் சேந்து ஆறு வருஷமாச்சு ருமி. வண்டிதானே, பாத்துட்டு வரலாம்" என்றார். நானும் இறங்கினேன். இறங்கியிருக்கக் கூடாது.

விளக்கம் சொல்ல வந்த பெண்ணுக்கு இருபத்து நாலு வயசு இருக்கும், பெயர் செகார். கன்னத்தோடு ஒட்டின சின்ன மைக்கு, கையில் ஒரு அட்டை. எங்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்து, வண்டிகளைத் தொடக் கூடாது, சாயக் கூடாது, பேரப்பிள்ளைகளுக்கு அனுப்ப எத்தனை படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று சிரித்தபடி சொன்னாள். தொடக் கூடாது என்றதும் அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், கடைசி வரைக்கும் பிரிக்கவே இல்லை. முதல் வண்டி கம்பி விட்டுச் சுற்றிக் கிளப்புகிற வண்டி. செகார் அந்தக் கம்பியைப் பிடித்துக் காட்டினாள். அப்பா மெதுவாக, "கட்டை விரல உள்ள மடிக்காதம்மா, மத்த விரலோட சேத்து வெளியில வை. எஞ்சின் திருப்பி உதைச்சா கட்டை விரல் போயிரும்" என்றார். அவள் சிரித்துக்கொண்டே விரலை மாற்றினாள். இபு துமினி, "பாக் வாகிமின், உங்களுக்கும் ஒரு மைக்கு வாங்கிக் குடுக்கணும் போலிருக்கே, இத்தனை நாளா சைக்கிள் டியூப்புதான் தெரியும்னு நெனச்சோம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொரு வண்டிக்கும் செகார் அட்டையில் உள்ளதைச் சொல்லிவிட்டு அப்பா முகத்தைப் பார்ப்பாள், அவர் ஒரு வார்த்தை சேர்ப்பார். எந்த வண்டி ஏற்றத்தில் கொதிக்கும், எந்த வண்டி மழைக்காலத்தில் கிளம்பாது, எதில் டிக்கியைத் திறக்க உதை கொடுக்க வேண்டும். அவர் இத்தனை பேசி நான் கேட்டது எந்தக் காலமோ. எட்டு வண்டி வரைக்கும் அப்படித்தான் போனது ரெத்னோ. எட்டு வண்டி வரைக்கும் அவர் சந்தோஷமாக இருந்தார். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்பதாவது நின்றது அந்தக் கறுப்பு ஓப்பல். உன் அப்பா ஓட்டினது. ஒவ்வொரு காலையும் மான்தோல் துணியால் துடைத்தது. உன்னைக்கூட ஒரு தரம் பின்சீட்டில் உட்கார வைத்து முற்றத்தைச் சுற்றி வந்தார், உனக்கு அப்போது நாலு வயசு, நினைவிருக்காது. முன்பக்கத்தை எல்லாம் புதுசாக்கி, கண்ணாடி மாதிரி பளபளவென்று நிறுத்தியிருந்தார்கள். செகார் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, "இந்த வண்டிக்குப் பின்னாடி ஒரு சோகமான கதை இருக்குங்க" என்று ஆரம்பித்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் இந்த வண்டியின் டிரைவர் குடித்துவிட்டு, முதலாளிக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய், உங்காரான் இறக்கத்தில் ஒரு சைக்கிள்காரரை இடித்துக் கொன்றுவிட்டாராம். பெரியவர் பாக் ஹர்ஜோ செத்தவர் குடும்பத்தைக் காப்பாற்றியது மட்டும் இல்லாமல், அந்த டிரைவரையும் மன்னித்து, அவருடைய மகளையும் படிக்க வைத்தாராம். எங்கள் கூட்டத்தில் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். இபு துமினி, "குடிகாரப் பயலோட பொண்ணப் போய்ப் படிக்க வச்சாரா, அதுதான் பெரிய மனுசத்தனம்" என்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பொண்ணு நீதான், உன்னைத்தான் சொல்கிறார்கள், உன் பெயர் தெரியாமலே.

அது நீயும் கேட்டு வளர்ந்த கதைதான். உனக்குப் பத்தொன்பது வயதில், நர்ஸ் படிப்பு விடுதியில் முதலாளி வீட்டுச் சொந்தக்காரப் பெண் ஒருத்தி உன்னிடம் சொல்லி, நீ பஸ் பிடித்து வந்து வாசலிலேயே நின்று அப்பாவைக் கேட்டாய். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். காலிமாந்தானில் மரம் வெட்டப் போயிருந்தார் என்று நாங்கள் சொன்ன பதினாலு மாசமும் அவர் சிறையில் இருந்ததை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாய். அதற்குப் பிறகு நீ அவர் கையை எடுத்து முத்தமிட்டதே இல்லை. விமான நிலையத்தில் என் கையை முத்தமிட்டாய், உன் சித்தப்பா கையை முத்தமிட்டாய், அவர் நீட்டின கையைப் பார்க்காத மாதிரி பெட்டியைத் தூக்கினாய். உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரிய வேண்டியதை நான் இப்போது எழுதுகிறேன்.

அப்பா குடிக்கவில்லை. அவர் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. வண்டியை அவர் ஓட்டவும் இல்லை. ஓட்டினது முதலாளியின் மகன் விஸ்னு, அப்போது இருபத்திரண்டு வயசு. தோட்டத்தில் சிநேகிதர்களோடு குடித்துவிட்டு, சாயங்காலம் வண்டியில் ஏறும்போது, "சாவியக் குடு, இறக்கத்துல நான் ஓட்டுறேன்" என்று கேட்டிருக்கிறான். அப்பா, "வேணாம் சின்ன முதலாளி, கண்ணு செவந்திருக்கு" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். "வண்டி உன்னோடதா என்னோடதா" என்று கேட்டானாம். அப்பா சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. வளைவில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்தார். சார்ஜு என்று பெயர், சோயாத் தெம்பே விற்கிறவர், சந்தையிலிருந்து திரும்புகிறவர். இறங்கி ஓடி அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டது அப்பாதான். விஸ்னு வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

மறுநாள் விடிகாலையில் பெரிய முதலாளி நம் வீட்டுக்கு வந்தார். அதுவரை ஒரு நாளும் நம் வாசலை மிதிக்காதவர் வந்து நம் பாயில், நம் தரையில் உட்கார்ந்தார். அழுதார். ஒத்தப் பிள்ளை, அடுத்த மாசம் நிச்சயம், பெயர் கெட்டால் உயிரை விட்டுவிடுவான், நீ ஒத்துக்கொண்டால் நாலைந்து மாசத்தில் வெளியே கொண்டுவந்துவிடுவேன், ருமியாத்தியையும் குழந்தையையும் என் சொந்தம் மாதிரி பார்த்துக்கொள்வேன் என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். திரைக்குப் பக்கத்தில்தான் நின்றேன். நீ உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாய். வேண்டாம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அவர் வேண்டாம் என்றிருப்பார், எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. உன்னைப் பார்த்தேன், அந்தப் பெரிய மனுஷன் அழுகிறதைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். அப்பா, "சரிங்க" என்றார். குடித்திருந்தான் என்பதை எழுதினது யார் என்று இன்றுவரை தெரியாது, வண்டிக்குள் பாட்டில் கிடந்ததாம், டிரைவர் குடித்திருந்தான் என்று போலீஸ் தாளில் எழுதிவிட்டார்கள். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் கையெழுத்துப் போட்ட தாளில் அது இருந்தது. நாலைந்து மாசம் பதினாலு மாசம் ஆனது. பெரியவர் மற்ற வாக்கைக் காப்பாற்றினார், அதையும் சொல்ல வேண்டும். உன் படிப்பு அதில்தான் நடந்தது. இதை உன்னிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தரம் அப்பாவைக் கேட்டேன். "சொன்னா படிச்ச படிப்பையே அவ வெறுத்துருவா. என்னை வெறுத்தா போதும்" என்பார். இன்னொன்றும் சொல்வார், "சாவியக் குடுத்தது என் கைதான் ருமி." நோன்புக்கு முந்தின மாசம் வருஷா வருஷம் அவர் சார்ஜுவின் கபருக்குப் பூத் தூவப் போவதை நீ குற்றம் செய்தவனின் பயம் என்று நினைத்தாய். அவர் போனது அந்தச் சாவிக்காக.

மியூசியத்துக்கு வருகிறேன். செகார் கதையை முடித்துவிட்டு வழக்கம்போல் அப்பா முகத்தைப் பார்த்தாள். வண்டியைப் பற்றி ஏதாவது சேர்ப்பார் என்று நினைத்திருக்கிறாள். அப்பா கையைப் பின்னால் கட்டினபடியே, "அந்த சைக்கிள்காரர் பேரு அட்டையில இருக்காம்மா?" என்று கேட்டார். அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இல்லீங்க பாக்" என்றாள். "சார்ஜு" என்றார் அப்பா. "தெம்பே விக்கிறவரு. மூணு பிள்ளைங்க." அவள் பேனாவை எடுத்து அட்டையின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். எங்கள் ஆட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எப்படித் தெரியும் என்று யாராவது கேட்கும் முன்னால் நான் அவரை இழுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், "வாகிமின் அண்ணே" என்று.

விஸ்னு. தலை முழுக்க நரைத்து, கைத்தடியோடு, வெள்ளைச் சட்டையில். ஓடி வர முடியாதவன் ஓடப் பார்த்து வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டான். கண்ணில் தண்ணீர். அது நடிப்பு என்று சொன்னால் நான் பாவி ஆவேன், நிஜமான தண்ணீர்தான். அப்பாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு எங்கள் கூட்டத்தைப் பார்த்து, "இவரு யாருன்னு தெரியுமா உங்களுக்கு? எங்க வீட்டு டிரைவரு. இந்த ஓப்பலை இவரைத் தவிர வேற யாரும் தொட்டதில்ல" என்றான். பிரியத்தில்தான் சொன்னான் ரெத்னோ. அந்த மைக்குச் சத்தம் ஓய்ந்து அரை நிமிஷம்கூட ஆகவில்லை என்பது அவனுக்குத் தெரியாது. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவர் முகமாக மாறுவதை நான் பார்த்தேன். இபு துமினியின் கை வாய்க்குப் போனது. செகார் அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். விஸ்னு அந்த அட்டையைப் பார்த்தான், ஒன்பதாம் எண் பலகையைப் பார்த்தான், என்ன நடந்தது என்று அவனுக்குப் புரிந்தது. அந்த இடத்தில் அவன் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது, இவர் அந்த டிரைவர் இல்லை, வேறு ஆள் என்றாவது சொல்லியிருக்கலாம். "டீ கொண்டு வாங்க" என்றான்.

டீ வந்தது. பிறகு கயிற்றை அவிழ்க்கச் சொல்லி, யாரும் தொடக் கூடாத வண்டியின் கதவைத் தன் கையாலேயே திறந்து, "உக்காருங்கண்ணே, ஒரு படம் எடுத்துக்குவோம்" என்றான். அப்பா என்னைப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் திரைக்குப் பக்கத்தில் நின்றபோது பார்த்த அதே பார்வை. இந்தத் தரமும் எனக்கு வாய் வரவில்லை. அவர் பின்னால் கட்டின கையைப் பிரித்து, வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கை தானாகப் போய்ப் பின்னால் பார்க்கிற கண்ணாடியைச் சரி செய்தது. படம் எடுத்தார்கள். அதில் விஸ்னு சிரிக்கிறான், அப்பா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டும் பின் சீட்டும் காலி. பாதி வழியில் இபு துமினி எழுந்து வந்து அப்பாவிடம், "மனுசன்னா தப்பு பண்றதுதான் பாக், மனசார தவ்பா செஞ்சா அல்லா மன்னிப்பான், நாங்க யாரும் தப்பா நெனைக்கல" என்றாள். அவள் நல்லவள், மனதில் இருந்ததைச் சொன்னாள். அப்பா, "நன்றிங்க" என்றார். நான் எழுந்து கத்தியிருக்க வேண்டும். கத்தி என்ன சொல்வேன்? யார் நம்புவார்கள்? தாளில் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது, கல்லில் பொறித்த மாதிரி மியூசியத்தில் பலகை இருக்கிறது, என்னிடம் என்ன இருக்கிறது? அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா வழக்கம்போல் ஜும்ஆவுக்கு முன்னால் பாய் விரிக்கப் பள்ளிவாசலுக்குச் சீக்கிரமே போனார். வேறு யாரோ விரித்து முடித்திருந்தார்கள். பன்னிரண்டு வருஷமாக அவர் விரித்த பாய்.

நான் பொறுக்க முடியாமல் அவருக்குத் தெரியாமல் இரண்டு வண்டி மாறி ஏறி விஸ்னுவைப் பார்க்கப் போனேன். பல் டாக்டரிடம் போவதாக அப்பாவிடம் பொய் சொன்னேன். அவன் எழுந்து நின்று வரவேற்றான், இபு இபு என்று மரியாதைக்குக் குறைவில்லை. உண்மையைச் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை ரெத்னோ, அவ்வளவு தைரியம் என்னிடம் இல்லை. குடித்துவிட்டு என்கிற ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றுதான் கேட்டேன். அவன் கைத்தடியைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பலகையில இருக்கிறது அப்பா கடைசியா தன் கைப்பட எழுதினது இபு. மவுத்தானவர் எழுத்துல நான் எப்படிக் கைவைக்கிறது? எனக்கும் பேரன் பேத்தி இருக்காங்க, அவங்க வந்து படிக்கிறாங்க. கமிட்டியில கேட்டுப் பாக்கிறேன்" என்றான். பிறகு, "எனக்கு மட்டும் தூக்கம் வருதுன்னு நெனைக்காதீங்க" என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? நன்றி சொன்னேன். குனிந்து நன்றி சொன்னேன். புறப்படும்போது தோட்டத்துக் காப்பித்தூள் ஒரு பை கொடுத்தான், அதையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பாதி வழியில் தூக்கி எறியலாம் என்று நினைத்தேன், வண்டி நிறைய ஜனம், ஜன்னல் ஓரம் கிடைக்கவில்லை. அலமாரியில் இருக்கிறது. கமிட்டியிலிருந்து ஒன்றும் வரவில்லை.

அதற்குப் பிறகு அப்பா போக ஆரம்பித்தார். முதல் வியாழக்கிழமை நண்பரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார், சாயங்காலம் உதடு நீலம் பாரித்துத் திரும்பி வந்தார். மலைக் குளிர் அவர் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். சட்டைப் பையில் மியூசியத்து டிக்கெட்டுத் துண்டு. நான் கேட்டதும் மறைக்காமல் சொன்னார். டிக்கெட் எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டத்தோடு ஒன்றாக நின்றிருக்கிறார். ஒன்பதாவது வண்டிக்கு வந்ததும் செகார் அவரைப் பார்த்திருக்கிறாள், வாயைத் திறந்து மூடியிருக்கிறாள், வண்டி எந்த வருஷத்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் பத்தாவதுக்குப் போய்விட்டாள். முடிந்த பிறகு அவரைத் தேடி வந்து, "நீங்க குடிச்சிருந்தீங்களா பாக்?" என்று கேட்டாளாம். இவர் இல்லை என்றாராம். "நீங்கதான் ஓட்டினீங்களா?" இதற்கு அவர் பதில் சொல்லவில்லையாம். அந்தப் பெண் கெட்டிக்காரி. "அட்டையை மாத்துறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல பாக். மாத்தினா என்னை அனுப்பிச்சிருவாங்க, எங்க வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான். ஆனா நீங்க நிக்கும்போது அதை என் வாயால சொல்ல முடியல" என்றாளாம். இதைச் சொல்லும்போது அப்பா முகத்தில் ஏதோ ஒன்று இருந்தது, நான் அதைச் சந்தோஷம் என்று எழுத மாட்டேன், ஆனால் அதற்குப் பக்கத்தில் உள்ளது.

அதனால் வியாழக்கிழமைதோறும் போகிறார். அவர் நிற்கிற அன்றைக்கு அந்த வாக்கியம் சொல்லப்படுவதில்லை. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. மற்ற ஆறு நாளும் சொல்கிறார்கள், ஒரு நாளைக்கு நாலு கூட்டம், லீவு நாளில் ஆறு. நான் சண்டை போட்டுப் பார்த்தேன், செருப்பை ஒளித்து வைத்தேன், மூச்சு போய்விடும், அந்த மலையிலேயே விழுந்து கிடப்பீர்கள் என்று அழுதேன். "அங்க போய் நான் ஒண்ணும் பண்ணல ருமி, சும்மா நிக்கிறேன்" என்கிறார். இரண்டு வாரமாக ஞாயிற்றுக்கிழமையும் போனால் என்ன என்று கேட்கிறார், அன்றைக்குத்தான் கூட்டம் அதிகமாம். ஞாயிறு நீ போன் பேசுகிற நாள், அதனால்தான் இன்னும் போகவில்லை. எனக்கு அவரைத் தடுக்கவும் தெரியவில்லை, கூடப் போக முழங்காலும் இல்லை. அந்தப் பலகையை மாற்ற இந்த உலகத்தில் யாரிடம் போய்க் கேட்பது என்று எனக்கு விளங்கவில்லை. நீ படித்தவள், உனக்கும் ஒரு வழி தெரியாமல் போகலாம், அதற்காக உன்மேல் வருத்தப்பட மாட்டேன். நீ வந்து யாரோடும் வாதாட வேண்டும் என்று எழுதவில்லை. உன் பிள்ளை ஒரு நாள் பெரியவனாகி, தாத்தா எப்படிப்பட்டவர் என்று கேட்டால் நீ பொய்யைச் சொல்லிவிடக் கூடாது, அது ஒன்றுதான் என் கையில் இருந்தது, செய்துவிட்டேன். அவருக்கு நான் கொடுத்த வாக்கை மீறித்தான் செய்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு என்மேல் கோபம் வந்தால் அதற்கு இடம் இருக்கிறது, வைத்துக்கொள்.

இன்று வியாழன். விடிகாலையிலிருந்து மழை கொட்டுகிறது, பாவென் ஊர்ப் பக்கம் மண் சரிந்ததால் மலைப்பாதையை அடைத்துவிட்டார்கள், வண்டி எதுவும் ஏறவில்லை. மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து ஜனம் வழக்கம்போல் வருவார்களாம், இவரால்தான் போக முடியாது. அப்பா காலை எட்டு மணிக்கே உடுத்திக்கொண்டு, குடையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நான் சாப்பாட்டு மேஜையில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், ரெத்னோவுக்குப் பெச்சல் வேர்க்கடலைச் சட்னி செய்முறை எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பதினொரு மணிக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தார். இப்போது பதினொன்றரை. என் பக்கம் திரும்பாமலே, மழையைப் பார்த்துக்கொண்டு, "இப்ப அந்த வண்டிகிட்ட வந்திருப்பாங்க" என்கிறார்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை கண்ணு. உனக்கும் மாப்பிள்ளைக்கும் அல்லா நீண்ட ஆயுளும் நல்ல மனசும் தரட்டும், பேரன் ஆர்யோவின் தலைமேல் என் கை இருப்பதாக நினைத்துக்கொள். இரும்புச் சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே, ராத்திரி வேலை முடிந்து வரும்போது காதை மூடிக்கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்குப் போன் போடு, ஒரு நிமிஷம் முந்தினாலும் பரவாயில்லை, பிந்தாதே. நான் எடுத்ததும் அப்பா எங்கே என்று கேள். வேறு ஒன்றும் கேட்க வேண்டாம்.

உன் அம்மா,
ருமியாத்தி